கணிப்பொறி அறையில் ஏன் இந்த விதிகள்?

பள்ளிக் கணிப்பொறி அறையின் வாசலில் பெரும்பாலும் ஒரு பலகை தொங்கும். செருப்புடன் உள்ளே வரக் கூடாது. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. பென் டிரைவைச் செருகக் கூடாது. பிறருடைய கோப்பைத் திறக்கக் கூடாது. சுவிட்சை நேரடியாக அணைக்கக் கூடாது. அனுமதியின்றி எதையும் தொடக் கூடாது. இப்படிப் பல ‘கூடாது’கள் அதில் வரிசையாக இருக்கும். மாணவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே செல்கிறார்கள். ஏன் கூடாது என்று கேட்பவர் சிலர். விடை பெறுபவர் அதனினும் சிலர்.

வேதியியல் ஆய்வகத்திலும் விதிகள் உண்டு. அடர் அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது, நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்று ஆசிரியர் கூறுவார். அமிலமும் நீரும் கலக்கும்போது பெரும் வெப்பம் தோன்றும், அமிலம் தெறிக்கும் என்ற காரணத்தையும் உடன் கூறுவார். அதனால் அந்த விதி ஒரு பாடமாகவே மனத்தில் பதிகிறது. கணிப்பொறி அறையின் விதிகளுக்கும் இவ்வாறே காரணங்கள் உண்டு. சில காரணங்கள் பொறியின் உள்ளே இருக்கின்றன. சில நம் உடலில் இருக்கின்றன. சில நம்முடன் படிப்பவர்களைச் சார்ந்தவை. காரணம் தெரிந்தால் விதியைக் காப்பது எளிது. எந்த விதி இன்றியமையாதது, எது பழைய வழக்கம் என்று பிரித்தறியவும் முடியும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செருப்பும் தூசியும்

செருப்பைக் கழற்றச் சொல்லும் விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களில் இருந்த பெரிய கணிப்பொறிகளில், தகவல்களைச் சேமிக்கும் காந்தத் தட்டுகளைக் கழற்றி மாட்ட முடியும். தட்டு வேகமாகச் சுழலும்போது, எழுதிப் படிக்கும் முனை அதன் பரப்பைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின்மீது மிதந்து செல்லும். அந்த இடைவெளி தலைமயிரின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியது. அதில் ஒரு தூசித் துகள் புகுந்தால் முனை தட்டில் மோதும். தட்டில் கீறல் விழும். சேமித்த தகவல் அழியும். ஆகவே அக்காலக் கணிப்பொறி அறைகளில் தூசியை எதிரியாகவே கருதினர்.

1973-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘வின்செஸ்டர்’ வகை வட்டில், தட்டும் முனையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடப்பட்டன. பின்னர் வந்த வன்வட்டுகள் இந்த வழியையே பின்பற்றின. இன்றைய வன்வட்டில் முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வருவது ஒரு நானோமீட்டர். எனினும் பெட்டி மூடியிருப்பதாலும், உள்ளே செல்லும் காற்று வடிகட்டப்படுவதாலும் அறைத் தூசி அதை அணுகுவதில்லை. சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகங்களும் இப்போது பரவலாகிவிட்டன.

அப்படியானால் செருப்பு விதி தேவையற்றதா? முற்றிலும் அப்படிச் சொல்ல முடியாது. மேசைக் கணிப்பொறியின் மையச் செயலகம் சில சதுர சென்டிமீட்டர் பரப்பேயுள்ள சில்லு. முழு வேகத்தில் இயங்கும்போது, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு அது மின்சாரத்தைச் செலவிட்டு, அதை வெப்பமாக வெளியிடுவது உண்டு. அந்த வெப்பத்தை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்கின்றன. சிறு விசிறி அதை வெளியே தள்ளுகிறது. தகடுகளின் இடையே தூசி அடைந்தால் அது கம்பளிபோல் வெப்பத்தைத் தடுக்கும். சூடு மிகுந்தால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; அதுவும் போதாவிடில் பொறி தானே நின்றுவிடும். “எங்கள் பள்ளிக் கணிப்பொறி மிகவும் மெதுவாக ஓடுகிறது” என்பதற்குச் சில சமயம் இந்தத் தூசியே காரணம்.

இதே காரணத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின்மீது துணி போர்த்தக் கூடாது. துணியால் தூசி தடுக்கப்படுகிறது; ஆனால் காற்றோட்டமும் தடுக்கப்படுகிறது. பொறியை அணைத்து, சூடு தணிந்த பிறகே போர்த்த வேண்டும். பலகைகளில் காணப்படாத இந்த விதி, செருப்பு விதியைவிட இன்று முக்கியமானது.

தேநீரும் விசைப்பலகையும்

தின்பண்டமும் தேநீரும் கூடாது என்பதன் காரணத்தை அறிய, விசைப்பலகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு விசைப்பலகையில் ஏறத்தாழ 100 விசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி இருப்பதில்லை. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு கட்டம்போல் அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, 8 குறுக்குக் கம்பிகளும் 16 நெடுக்குக் கம்பிகளும் இருந்தால், அவை 128 இடங்களில் சந்திக்கும். 24 கம்பிகளைக் கொண்டு 128 விசைகளை அமைத்துவிடலாம். மலிவான விசைப்பலகைகளில் இக்கம்பிகள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் அச்சிடப்பட்ட கோடுகளாக இருக்கின்றன. மேல்தாளும் கீழ்த்தாளும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் துளையிட்ட தாள் ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால், துளையின் வழியே மேல்தாள் கீழ்த்தாளைத் தொடுகிறது, மின்சுற்று மூடுகிறது. விசைப்பலகையினுள் இருக்கும் ஒரு சிறு சில்லு நொடிக்குப் பலமுறை எல்லாக் கம்பிகளையும் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்க்கிறது.

இப்போது அதில் தேநீர் சிந்தினால் என்ன ஆகும்? தேநீர் மின்சாரத்தைக் கடத்தும். தொடக் கூடாத கோடுகளை அது இணைக்கும். அழுத்தாத விசை அழுத்தியதாகச் சில்லு எண்ணிக்கொள்ளும். நீர் உலர்ந்த பிறகும் சர்க்கரை பிசினாக நின்று விசையை ஒட்டிக்கொள்ளும். கோடுகள் நாளடைவில் அரிக்கப்படும். முறுக்கின் துகள்கூட விசையின் அடியில் சிக்கினால் அந்த விசை முழுமையாக இறங்காது. அடுத்த வகுப்பில் அங்கு உட்காரும் மாணவருக்கு ஓர் எழுத்து மட்டும் வராது. அவர் தம்மிடம் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

இங்கே இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். விசைப்பலகை கணிப்பொறிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்ணையே அனுப்புகிறது. விசைப்பலகைக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அந்த எண்ணை எந்த எழுத்தாகக் கொள்ள வேண்டும் என்பதைக் கணிப்பொறியிலுள்ள மென்பொருளே முடிவு செய்கிறது. அதனால்தான் விசைகளின்மீது ஆங்கில எழுத்துகள் மட்டும் அச்சிட்ட பலகையிலும் நாம் தமிழில் எழுத முடிகிறது.

அணைப்பதற்கும் ஒரு முறை

நீங்கள் ஒரு கட்டுரையைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. திரும்ப வந்ததும் பார்த்தால் கட்டுரையைக் காணோம். அது எங்கே போயிற்று?

திரையில் தோன்றும் எழுத்துகள் முதலில் தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றன. அங்குள்ள ஒவ்வொரு தகவல் துணுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம்தான். ஓட்டைக் குடத்தில் வைத்த நீர்போல அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறையேனும், அதாவது நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல், அது படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நின்றுவிடும்; நினைவும் அழியும். ‘சேமி’ என்று கட்டளையிடும்போதுதான் கட்டுரை நிலையான சேமிப்பகத்தில் எழுதப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேமித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நேரடியாகச் சுவிட்சை அணைக்கக் கூடாது என்பதன் காரணமும் இதை ஒட்டியதே. நூலகத்தில் ஒரு புத்தகத்தை வேறு அலமாரிக்கு மாற்றினால், பதிவேட்டிலும் இடத்தை மாற்றி எழுத வேண்டும். புத்தகத்தை மாற்றிவிட்டுப் பதிவேட்டைத் திருத்துவதற்குள் நூலகர் வெளியேற நேர்ந்தால், புத்தகம் உள்ளேயே இருந்தும் யாருக்கும் கிடைக்காது. கணிப்பொறியும் கோப்பின் உள்ளடக்கத்தை ஓரிடத்திலும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வேறோர் இடத்திலும் எழுதுகிறது. விரைவுக்காகச் சில வேலைகளைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக எழுதுவதும் உண்டு. அணைக்கும் கட்டளை கொடுத்தால், மிச்சமுள்ள வேலைகளை முடித்துக்கொண்டு பொறி நிற்கும். சுவிட்சை அணைத்தால் பாதியில் நிற்கும். இக்காலக் கோப்பு முறைகள் இவ்வகைக் குழப்பத்தைப் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்கின்றன. ஆனால் சேமிக்காத உங்கள் பத்தியை அவற்றாலும் மீட்டுத்தர முடியாது.

உடலுக்கான விதிகள்

கணிப்பொறியின் பழுதடைந்த பகுதியை மாற்றிவிடலாம். கண்ணையும் மணிக்கட்டையும் அவ்வாறு மாற்ற முடியாது. எனவே உடலைப் பற்றிய விதிகளைப் பொறியைப் பற்றிய விதிகளுக்கு முன்னால் எழுதினாலும் தகும்.

திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது, கண்ணின் சிலியரித் தசை சுருங்கி, வில்லையைத் தடிப்பாக்குகிறது. நெடுநேரம் சுருங்கியே இருக்கும் தசை களைத்துவிடும். மேலும், நாம் சாதாரணமாக நிமிடத்திற்கு 15 முறை அளவில் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணின் நீர்ப்படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகும். ஆகவே 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஏதேனும் ஒன்றை 20 நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் கூறுவர். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே உள்ள வேப்பமரம் இதற்குப் போதும். ஆனால் அந்தச் சன்னல் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்குமாறு மேசையைப் போடுவது நல்லது. இல்லையேல் கண் கூசும்.

விரல்களை மடக்கும் தசைகளிற் பெரும்பாலானவை விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டிலுள்ள ஒரு குறுகிய வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. அதே வழியாக ஒரு நரம்பும் செல்கிறது. மணிக்கட்டை மேலோ கீழோ வளைத்துக்கொண்டு நெடுநேரம் தட்டினால் அவ்வழியில் அழுத்தம் கூடும். எனவே முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்திலும், மணிக்கட்டு நேராகவும் இருக்க வேண்டும். கால் தரையில் பதிய வேண்டும். பெரியவர்களுக்கான நாற்காலியில் ஆறாம் வகுப்புக் குழந்தைக்குக் கால் எட்டாது. அப்போது ஒரு பலகையைக் காலடியில் வைத்தால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

விசையைப் பார்க்காதே!

தட்டச்சு வகுப்பில் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தட்டச்சுப் பயிலகத்தில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று தாள் தாளாக அடித்துப் பழகியவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

இடக்கையின் நான்கு விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் விசைகளிலும், வலக்கையின் நான்கு விரல்கள் ஜே, கே, எல், அரைப்புள்ளி விசைகளிலும் தங்கியிருக்க வேண்டும். இதுவே இருப்பு வரிசை. ஒவ்வொரு விரலும் தனக்குரிய விசையைத் தட்டிவிட்டுத் தன் இருப்பிடத்திற்குத் திரும்பும். எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடு தட்டுப்படும். கண்ணால் பாராமலே விரல் தன் வீட்டை அறிவதற்கு வைத்த அடையாளம் அது.

பாராமல் தட்டுவது உண்மையில் விரைவானதா? 1888-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. பிராங்க் மெக்கரின் என்பவர் விசைகளின் இடங்களை மனத்தில் பதித்து, எல்லா விரல்களாலும் தட்டுபவர். எதிர்த்து நின்றவர் விசைகளைப் பார்த்துச் சில விரல்களால் தட்டுபவர். மெக்கரின் தெளிவாக வென்றார். காரணம் எளியது. பார்த்துத் தட்டுபவரின் கண், தாள், விசை, மீண்டும் தாள் என்று அலைகிறது. பாராமல் தட்டுபவரின் கண் தாளை விட்டு அகல்வதில்லை.

இதில் வியப்பான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிமிடத்திற்குச் சராசரியாக 72 சொற்கள் தட்டுபவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எழுத்துகளை இடமறிந்து எழுதச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15-ஐ மட்டுமே அவர்களால் சரியாக எழுத முடிந்தது! விரலுக்குத் தெரிந்தது அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர், எப்படிச் சமநிலை காக்கிறார் என்று விளக்க முடியாமல் விழிப்பது போன்றதே இது. இத்தகைய திறமை, விரலின் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பெறுவது.

எவ்வளவு நேரம் பழக வேண்டும்? பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியர்கள் தட்டச்சு கற்றபோது உளவியலாளர்கள் பேட்லியும் லாங்மனும் செய்த ஆய்வு 1978-இல் வெளிவந்தது. ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியது. இன்னொரு குழு இரண்டிரண்டு மணியாக நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியது. விசைப்பலகையைக் கற்று முடிக்க முதற் குழுவுக்கு ஏறத்தாழ 35 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. மற்றக் குழுவுக்கு 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் நாளுக்கு ஒரு மணி பழகியவர்களுக்கே மனநிறைவு குறைவு. நாட்கணக்கில் தாங்கள் பின்தங்குவதாக அவர்கள் எண்ணினார்கள்! ஆகவே வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் பழகுவதே மேல். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் பிழையின்றித் தட்டுங்கள். பிழையோடு பழகிய விரல், பிழையையும் பழக்கமாக்கிக்கொள்ளும்.

தமிழைத் தமிழாகவே தட்டுவோம்

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். எந்த முறையில் தட்டுவது? ஆங்கில எழுத்துகளால் ஒலியை எழுதி, அதைத் தமிழாக மாற்றும் முறை பலருக்குப் பழக்கமானது. ஆனால் தமிழுக்கென்றே வகுத்த முறையும் உண்டு. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையே அது.

இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்தில் உள்ளன. மெய்களிற் பெரும்பாலானவை வலக்கைப் பக்கத்தில் உள்ளன. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந ஆகியவை வலக்கையின் இருப்பு வரிசையிலேயே இருக்கின்றன. அ, இ, உ, எ, புள்ளி ஆகியவை இடக்கையின் இருப்பு வரிசையில் இருக்கின்றன. க விசையையும் இ விசையையும் தட்டினால் ‘கி’ வரும். மெய்யும் உயிரும் சேர்ந்தது உயிர்மெய் என்ற இலக்கணத்தையே விரல்கள் பின்பற்றுகின்றன. கணிப்பொறியும் ‘கி’யை ஒரே எழுத்தாகச் சேமிப்பதில்லை. யுனிகோடு முறையில் ககரத்திற்கு 2965 என்றும், இகரக் குறிக்கு 3007 என்றும் எண்கள் உள்ளன. இவ்விரு எண்களும் அடுத்தடுத்து நின்றால் திரையில் ‘கி’ தோன்றுகிறது.

தமிழ்ச் சொல்லமைப்பை அறிந்து, இம்முறை சில புள்ளிகளைத் தானே வைக்கும். ஒரே மெய் இரட்டித்தால் முதலெழுத்தில் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’. ந-த, ங-க, ண-ட போன்ற இனவெழுத்து இணைகளுக்கும் இதுவே விதி. த, ந, த, ஐ என்று நான்கு தட்டுகளில் ‘தந்தை’ வந்துவிடும். ஆங்கில ஒலிமுறையில் இதற்கு எட்டுத் தட்டுகள் தேவை. புள்ளி வேண்டாத இடத்தில், நடுவே அகர விசையைத் தட்டினால் போதும். ‘மமதை’ என்ற சொல்லுக்கு இது தேவைப்படும்.

தட்டுகள் குறைவது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை வேறு. ஒலிமுறையில், ல, ள, ழ மூன்றையும் ஆங்கில எழுத்துகளின் வழியாகச் சுற்றிவந்தே அடைய வேண்டியிருக்கிறது. தமிழ்99-இல் மூன்றும் மூன்று தனி விசைகள். எண்ணுவதும் எழுதுவதும் ஒரே மொழியில் நடைபெறுகின்றன.

கடவுச்சொல் யாருடையது?

பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தோன்றியதே கணிப்பொறிக் கடவுச்சொல். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலரும் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறை உருவாக்கப்பட்டது. அவரவர் கோப்புகளைப் பிரித்துக் காக்க, அவரவருக்கு ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். கடவுச்சொல் பிறந்த காலத்திலேயே அதைத் திருடுவதும் பிறந்துவிட்டது!

கடவுச்சொல்லின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்க எண் என்றால் 10,000 வாய்ப்புகள். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகள் என்றால் 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 20,880 கோடி வாய்ப்புகள். இது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் திருடப்பட்ட கோப்பொன்றை வைத்துக்கொண்டு, நொடிக்கு 100 கோடி முறை முயலும் பொறிக்கு இதை முடிக்க மூன்றரை நிமிடம் போதும். பன்னிரண்டு எழுத்துகள் என்றால், அதே பொறிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். நான்கு எழுத்துகள் கூடியதும் நிமிடங்கள் ஆண்டுகளாகிவிட்டன. எழுத்துகள் வரிசையற்று அமைந்திருந்தால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும். பிறந்த தேதியை வைத்தால், 20 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7,300 வாய்ப்புகள்தான். உங்களை அறிந்த நண்பருக்கோ ஒரே முயற்சி போதும்.

பென் டிரைவ் விதிக்கும் காரணம் உண்டு. 2010-இல் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்ற தீங்கு நிரல், இணையத்தோடு இணைக்கப்படாத பொறிகளிலும் இத்தகைய சேமிப்பான்கள் வழியே புகக்கூடியதாக இருந்தது. ஈரானின் அணு எரிபொருள் ஆலையையே அது பாதித்தது. பள்ளி அறையில் ஒரு பொறியில் செருகியதை அடுத்த பொறியில் செருகினால், கிருமியைக் கையால் கொண்டு சேர்ப்பது போலாகும்.

பலகையில் இல்லாத விதி

இவ்வளவு விதிகளையும் காத்து, அறையைப் பூட்டியே வைத்திருந்தால் கணிப்பொறிகள் பழுதடையாமல் இருக்குமா? இருக்காது. ஈரம் படியும், எலி கம்பியைக் கடிக்கும். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலம், பொறிக்கு மின்சாரம் வராத நாள்களில் தீர்ந்துகொண்டே இருக்கும். பொறியைத் திறந்ததும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி தோன்றினால், அந்த மின்கலம் ஓய்ந்துவிட்டது என்று அறியலாம். பயன்படுத்தாமை பாதுகாப்பு ஆகாது.

திறந்த அறையிலும் ஒரு குறை நேர்கிறது. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள், 20 கணிப்பொறிகள், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கின்படி ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கிடைக்க வேண்டும். நடப்பது என்ன? வீட்டில் கணிப்பொறி உள்ளவர் முதலில் விசைப்பலகையைக் கைக்கொள்கிறார். மற்றவர் அருகில் அமர்ந்து பார்க்கிறார். ஆண்டு முடிவில் ஒருவர் தட்டச்சு கற்றிருப்பார். மற்றவர் தட்டச்சைப் பார்க்கக் கற்றிருப்பார். நாம் மேலே கண்டபடி, பார்த்துக் கற்கும் கலை அன்று இது.

இதன் விளைவைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் காணலாம். நான் ஓர் இணைய மையத்தில் காத்திருந்தபோது, கல்லூரிக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு மாணவி, தன் மதிப்பெண் பட்டியலை அங்கிருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மின்னஞ்சல் முகவரியை அவரே உருவாக்கினார்; கடவுச்சொல்லையும் அவரே வைத்தார்; பாடப்பிரிவுகளின் வரிசையையும் அவரே தட்டினார். அம்மாணவி பணத்தைக் கொடுத்து, கடவுச்சொல் எழுதிய துண்டுத்தாளை வாங்கிக்கொண்டு சென்றாள். தன் எதிர்காலத்தை முடிவு செய்யும் படிவத்தில் அவள் விரல் ஒருமுறைகூடப் படவில்லை. அவள் படித்த பள்ளியிலும் கணிப்பொறி அறை இருந்திருக்கும். அதன் வாசலில் ‘தொடாதே’ என்ற விதியும் இருந்திருக்கும்.

ஆகவே பலகையின் முதல் வரியாக ஒரு விதியை எழுதலாம்: “பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.” தட்டாமல் அருகில் இருப்பவருக்கும் வேலை கொடுக்கலாம். அவர் பாடத்தை உரக்கப் படிக்கட்டும். நண்பர் விசையைப் பார்க்கிறாரா, மணிக்கட்டு நேராக இருக்கிறதா, பத்தி முடிந்ததும் சேமித்தாரா என்று கவனிக்கட்டும். இவ்வாறு செய்தால் மற்ற விதிகளும் தாமே காக்கப்படும். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர், விசைப்பலகையை ஓர் அட்டையில் அளவாக வரைந்து, நாளுக்குக் கால் மணி நேரம் விரல்களை இருப்பு வரிசையில் வைத்துப் பழகலாம். அட்டை எழுத்தைத் தராது என்பது உண்மை. ஆனால் எந்த விரல் எங்கே செல்ல வேண்டும் என்பது அதிலும் பதியும்.

மாணவர்களே! உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையின் பலகையை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ‘கூடாது’வுக்கும் எதிரே அதன் காரணத்தை எழுத முயலுங்கள். காரணம் கிடைத்த விதியைக் காத்துக்கொள்ளுங்கள். காரணம் கிடைக்காத விதியைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்டு முடித்ததும், உங்கள் முறை வரும்போது, தயங்காமல் விசைப்பலகையின் முன் அமருங்கள். எஃப், ஜே விசைகளின் மேடுகள் உங்கள் சுட்டுவிரல்களுக்காகவே வைக்கப்பட்டவை.